கருவி தடுமாறும் இடத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் பல்கலைக்கழகங்களில் கணினித் துறை மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டங்களைப் படைக்கும் நேரம் இது. உங்கள் வாசகர்கள் பலர் வீட்டில் ஒரு பிள்ளை தூக்கத்தைத் தொலைத்துவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், மின்னணுச் சாதனங்களுக்குள் ஓடும் சி மொழி நிரல்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். மாணவர் படைப்புகளை மதிப்பிட அவ்வப்போது என்னையும் அழைப்பார்கள். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குறையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிரலை ஓட்டாமல், எழுதியதை மட்டும் படித்துப் பிழை சொல்லும் மென்பொருள் கருவிகள் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் எழுதிய லிண்ட் இந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று. இன்று கிளாங், சிபிபிசெக், இன்ஃபெர் என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன. நம் பிள்ளைகளும் சொந்தமாகச் செய்து பார்க்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே பெருமை.

மேடை ஏறியதும்தான் சிக்கல். திரையில் பத்து வரி நிரல், அதில் பூஜ்ஜியத்தால் வகுக்கும் ஒரு வரி. பொத்தானை அழுத்தியதும் அந்த வரி சிவப்பாகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள், அடுத்தவர் வருகிறார். வாடிக்கையாளருக்கு விற்கப் போகிறவருக்கு இது போதலாம். எதிரே இருப்பவர்கள் விரிவுரையாளர்கள். எதையெல்லாம் இது தவறவிடும், எத்தனை எச்சரிக்கை வெறும் சத்தம், ஏற்கெனவே இருக்கும் கருவியோடு ஒப்பிட்டாயா, என் கணினியில் ஓட்டினாலும் இதே விடை வருமா என்றுதான் அவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

அண்மையில் ஒரு மாணவரிடம், வெளியே பலரும் பயன்படுத்தும் ஒரு திறமூல நிரலை இறக்கி அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாகக் கொட்டின. தம்பியின் முகம் வாடிவிட்டது, திரையை மூடப் போனார். "இருங்க தம்பி, முதல் எச்சரிக்கையை மட்டும் எடுத்துப் பார்ப்போம்" என்றேன். ஒரு சுட்டி, அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் மாறி, காலியாக இருக்கலாம் என்று கருவி சொல்லியிருந்தது. அந்தச் செயற்கூற்றை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) அழைக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால், சுட்டி காலியா என்ற சோதனை அங்கேயே முடிந்திருந்தது. அவருடைய கருவி ஒவ்வொரு செயற்கூற்றையும் தனித்தனியாகப் படிக்கிறது, அழைப்பவரை எட்டிப் பார்ப்பதில்லை. இதை அவரே கண்டுபிடித்து, வெண்பலகையில் படம் போட்டு விளக்கினார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் நிமிர்ந்து, அழைப்புகளையும் தொடர்ந்து போனால் நேரம் எவ்வளவு கூடும் என்று கேட்டார். அன்று நடந்த படைப்புகளில் உருப்படியான உரையாடல் அதுதான்.

தவறும் இடத்தைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். எந்த நிரலைக் கொடுத்தாலும், அதன் நடத்தையைப் பற்றித் தப்பாமல் விடை சொல்லும் ஒரு பொது வழிமுறை இருக்க முடியாது என்று கணித அறிஞர் ரைஸ் 1953-லேயே நிறுவிவிட்டார். ஆகவே எந்தக் கருவியும் சிலவற்றைத் தவறவிடும், அல்லது இல்லாத பிழையைச் சொல்லும், அல்லது விடையே சொல்லாமல் நிற்கும். 2014-ல் உலகத்தையே உலுக்கிய ஹார்ட்பிளீட் பிழை, இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. பெரிய வணிகக் கருவிகளே அதைப் பிடிக்கவில்லை. மாணவர் கருவி தவறுவதில் என்ன வெட்கம்?

இன்னொன்று, கருவி சரியாகச் சொன்னாலும் மனிதர் கேட்பாரா என்பது. இன்ஃபெரை உருவாக்கிய பேஸ்புக் ஆய்வாளர்கள் 2019-ல் எழுதிய கட்டுரையில் இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். இரவில் மொத்தமாக ஓட்டிப் பட்டியல் கொடுத்தபோது திருத்தியவர் அநேகமாக யாருமில்லை. அதே எச்சரிக்கைகளை, நிரலாளர் ஒரு மாற்றத்தைச் சமர்ப்பித்த கையோடு காட்டியபோது 70 விழுக்காட்டுக்கு மேல் திருத்தப்பட்டன. போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு வீட்டுக்காரர் எழுந்து வருவதில்லையே, எங்கள் தொழிற்சாலையிலும் நீளமான பட்டியலுக்கு அந்தக் கதிதான். இப்படி ஒரு முடிவு, கருவிக்குள் இருக்கும் கணக்கைவிட எனக்கு மதிப்பானதாகப் படுகிறது.

துறைத் தலைவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாணவர் எழுதாத ஒரு நிரலில் ஓட்டிக் காட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். உண்மைப் பிழை, பொய் எச்சரிக்கை, தெரிந்தும் தவறவிட்டது என்ற மூன்றையும் அட்டவணையாகக் கேளுங்கள், அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். கருவியையும் சோதித்த நிரலையும் ஒப்படைக்கச் சொல்லி, இன்னொரு மாணவரை ஓட்டிப் பார்க்க விடுங்கள். மென்பொருள் பொறியியல் மாநாடுகளில் 2011 முதலே இந்த வழக்கம் பரவி வருகிறது. அப்புறம் மாணவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கறுப்புப் பின்னணியில் எறும்பளவு எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த பருவத்திலிருந்தே இதைத் தொடங்கலாம், பெரிய செலவு எதுவும் இல்லை. சோதித்துப் பார்க்க நிரல் தேர்ந்தெடுக்க எந்த மாணவர் உதவி கேட்டாலும் என் சனிக்கிழமைகளைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு