பூட்டினதும் பூட்டி வைத்ததும்

கல்லடி,
மட்டக்களப்பு

அன்பு மச்சான்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நீ போடுகிற பனிப் படங்களைப் பார்த்தே தெரிகிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மா உன்னை விசாரித்தா, அந்தக் கோழி விசயத்தை இன்னும் மறக்கவில்லை. இங்கே மழை விட்டு ஐந்து நாள், வாவி நிரம்பிக் கிடக்கிறது. சரி, முகவுரை முடிந்தது.

நாலு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வெட்கம்தான். ஆனால் இப்போது எழுதுவது வெட்கத்தில் இல்லை. வலது முழங்காலில் ஏழு தையலோடு சாய்வுக் கதிரையில் கிடக்கிறேன், அதில் உனக்கும் பங்கு இருக்கிறது. குரல் பதிவில் நல்லாகத் திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இவ அடுப்படியில் நிற்கிறா, மருமகன் முற்றத்து மாமரத்துக்குக் கீழே வண்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். எழுதினால் ஒருத்தருக்கும் கேட்காது.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்த கேடிஎம் 890 அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளை எடுத்து 1,500 கிலோமீற்றர் ஓடி முடித்த அன்று, மீற்றரில் பாதி மெனு காணாமல் போய்விட்டது என்று குய்யோ முறையோ என்று எழுதினாயே, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் இவ பயந்து போனா. டெமோ மோட் என்று பெயராம். முதல் 1,500 கிலோமீற்றருக்கு மண் ரோட்டுக்கான ராலி மோட், குவிக்‌ஷிஃப்டர் (கிளச் பிடிக்காமல் கியர் மாற்றுகிற சாமான்) என்று எல்லாவற்றையும் ருசி காட்டிவிட்டு, மறுகா காசு கட்டினால் திறக்கிறோம் என்கிறது. பள்ளிக்கூட வாசலில் ஒரு துண்டு தின்னத் தந்துவிட்டுப் போத்தலை இறுக்கி மூடுவாரே நம்முடைய மிட்டாய் ஐயா, அவருடைய வியாபாரம்தான் இது. சாமான் வண்டியிலேயே இருக்கிறது. அதைச் சுமந்து திரிகிறதும் நீ, அதற்குப் பெற்றோல் அடிக்கிறதும் நீ, பாவிக்க மட்டும் உத்தரவு வேண்டும். பிஎம்டபிள்யூ காரில் சீற்றைச் சூடாக்க மாசச் சந்தா கேட்டு, ஊர் வாய் தாங்காமல் 2023இல் கைவிட்டார்களே, அதுவும் இதே கூத்துத்தான். நம்முடைய பேச்சில் பூட்டுகிறது என்றால் பொருத்துகிறதும்தான், சாவி போடுகிறதும்தான். அவர்கள் இரண்டையும் ஒன்றாகவே செய்துவிட்டார்கள். பூட்டிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு கிறுகி எனக்கே வந்தது.

என் கேடிஎம் 390 டியூக்கைத் தெரியும்தானே, 2018 மாடல். ஐம்பத்திரண்டு வயசில் ஆரஞ்சு நிறச் சில்லோடு திரிகிறான் என்று நீயும் கண்ணாடிக்காரனும் வைத்த பெயரை நான் மறக்கவில்லை. என்ன செய்ய? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தபோது வரியோடு சேர்த்துச் சொன்ன விலையைக் கேட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். அதனால் இங்கே எல்லாரும் கிழவிக்கு நகை போடுகிறமாதிரிப் பழைய வண்டிக்குத்தான் சாமான் பூட்டுகிறோம். ஒருநாள் பெற்றோல் தாங்கியைத் தூக்கி வயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டி, ரப்பர் மூடி போட்ட ஒரு சொக்கெட் சும்மா தொங்குகிறது. எதிலும் மாட்டவில்லை. எங்கேயும் அறுந்துமில்லை. யாருக்கோ இலை போட்டுச் சோறு வைக்காமல் விட்டதுபோல. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை, மச்சான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஐரோப்பாவில் அந்த வண்டிக்குக் குவிக்‌ஷிஃப்டர் வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும், இந்தியாவில் 2020 மாடலோடுதான் அதை வண்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்து உனக்கு எழுதினேன். நீ அதற்கான கியர்த் தண்டை வாங்கிப் பார்சலில் அனுப்பினாய். அதற்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பெற்றுக்கொள். திட்டுக்கு முன்னம் கணக்குத் தீர்ந்திருக்கட்டும்.

பூட்டுகிற வேலை ஒன்றுமே இல்லை. பழைய கியர்த் தண்டைக் கழற்றி, சென்சர் உள்ள புதுத் தண்டை அந்த இடத்தில் வைத்து, வயரை அந்த அநாதைச் சொக்கெட்டில் சொருகினேன். தேத்தண்ணி ஆறமுதல் முடிந்தது. சாவியைத் திருப்பினால் மெனுவில் ஒன்றுமே இல்லை. தண்டு இருக்கிறது, வயர் இருக்கிறது, வண்டியின் மூளைக்கு மட்டும் சொல்லவில்லை. கம்பனிக் கம்பியூட்டரை மாட்டி, இந்த வண்டிக்கு இனி இது உண்டு என்று எழுதவேண்டும். அந்தக் கம்பியூட்டர் கொழும்பில். பொலன்னறுவை, ஹபரணை என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் போனேன், பத்து நிமிசத்தில் முடித்துத் தந்தார்கள். பத்து நிமிசம்! வாழைச்சேனை தாண்டி வீட்டுப் பக்கம் நேர் ரோட்டில் வரும்போதுதான் முழுதாக முறுக்கிப் பார்த்தேன். கிளச்சைத் தொடவில்லை, கையை விடவில்லை, கால் நுனியால் ஒரு தட்டு. மூன்று, நாலு, ஐந்து. இரண்டு பிள்ளை பெற்றவன் நான், ஹெல்மெட்டுக்குள்ளே கூவிக்கொண்டு வந்தேன்.

கிரிப்பைச் சூடாக்குகிற சாமானும் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அதை நீயே வைத்துக்கொள். கச்சான் காற்று வீசுகிற மாசத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வண்டியைக் கடற்கரையில் விட்டுப் பார், சுவிஸில் காசு கட்டித் திறக்கிற சூடு இங்கே இலவசம். எனக்கு வேண்டியது வேறு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் என் வீடு. எந்தச் சொக்கெட்டைத் திறந்தாலும் ஊசிகளில் பச்சை பூத்துக் கிடக்கிறது. வயர்ச் சொக்கெட்டுக்குள் பூசுகிற கிறீஸ் இரண்டு ரியூப் கொண்டு வா. சங்கிலிக்கு அடிக்கிறதைக் கொண்டு வந்துவிடாதே, போன முறை அதைத்தான் செய்தாய்.

இனித்தான் விசயம்.

கொழும்பால் வந்த கிழமை முழுக்க நான் செய்தது பீற்றுகிற வேலைதான். பின்னேரமானால் மருமகன் வருவான், கூட நாலு பொடியன்கள். நான் வாத்தியார் மாதிரி நின்று விளக்குவேன். கால் தண்டை அழுத்தினதும் சென்சர் மூளைக்குச் சொல்லும், கண் இமைக்கிற நேரம் மூளை எஞ்சினின் இழுவையை அறுக்கும், சுமை விட்ட அந்த இடைவெளியில் அடுத்த கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கம்பனிக்காரன் எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் செய்கிறான், விலைக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொன்றைக் கழற்றி வைக்கிறான், நாங்கள் திரும்பப் பூட்டவேண்டியதுதான்" என்று ஒரு தத்துவமும் சொன்னேன். மச்சான், அந்த ஒரு வசனத்துக்குத்தான் இந்த ஏழு தையலும்.

அவனிடம் இருக்கிறது ஏபிஎஸ் இல்லாத பஜாஜ் என்எஸ் 200. பிறேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கிற சாமான்தானே ஏபிஎஸ். இந்தியாவில் 2017இல் அதே வண்டியை முன் சில்லுக்கு மட்டும் ஏபிஎஸ் வைத்து விற்கத் தொடங்கினார்கள், 2019 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே 125 சிசிக்கு மேலே ஏபிஎஸ் இல்லாமல் விற்கவே முடியாது. இவன் அதையெல்லாம் படித்துவிட்டான். ஒரே தாங்கி, ஒரே லைற், ஒரே எஞ்சின், அப்ப பூட்டலாம்தானே. சூரிச் மாமாவுக்கு, அதுதான் உனக்கு, ஒரு மெசேஜ். சூரிச் மாமா என்ன சொன்னார்? "ஏபிஎஸ் உயிர் காக்கும் தம்பி, நல்ல யோசனை." சொன்னதோடு விட்டாரா, 300 பிராங்கும் அனுப்பினார். எனக்கு ஒரு சொல் இல்லை. அவனைப் பெற்ற என் தங்கச்சிக்கும் தெரியாது. உடைந்த வண்டி ஒன்றிலிருந்து ஏபிஎஸ் பெட்டியையும், முன் டிஸ்க்கையும், சென்சரையும் வாங்கி, ஒரு இரவில் பூட்டியிருக்கிறான்.

போன செவ்வாய் என் வண்டிக்குப் பின் ரயர் காற்றுப் போய்க் கிடந்தது. கொக்கட்டிச்சோலையில் வாத்தியார் வீட்டுக் கலியாண விசயமாக வரச் சொல்லியிருந்தார்கள், அவனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது லீவர் கொஞ்சம் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. பொடியன் தேய்ந்த பேட்டோடு திரிகிறான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது மண்முனைப் பாலத்துக்கு இங்கால, நீ வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறப்போய்ச் சைக்கிளோடு வாவிக்குள் விழுந்தாயே, அந்தத் துறைக்குத் திரும்புகிற பக்கம், வயலுக்குள்ளிருந்து ஒரு எருமைக் கூட்டம் ரோட்டுக்கு ஏறியது. நாற்பதில்தான் வந்தேன். லீவரைப் பிடித்தேன். அது ஒன்றும் சொல்லாமல் கிரிப்போடு வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் முறை பிடிக்கிற நேரம் இல்லை. காலால் பின் பிறேக்கை மிதித்தேன், வண்டி பக்கவாட்டில் போய் வரம்பில் ஏறி வயலுக்குள் இறங்கியது. வெள்ளம் நின்ற வயல், அதனால்தான் முழங்காலோடு போயிற்று. எருமைகள் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விட்டன. அடுத்த நாள் கதிரையில் இருந்துகொண்டே அவனைத் தாங்கியைக் கழற்றச் சொன்னேன். அந்தப் பெட்டிக்கு வைக்கிற இடமே இந்த வண்டியின் சட்டத்தில் இல்லை, பிளாஸ்ரிக் பட்டியால் கட்டித் தொங்குகிறது. கரன்ட் ஹோர்ன் வயரிலிருந்து. சென்சருக்கும் டிஸ்க் வளையத்துக்கும் இடைவெளி சரியாக்கச் சிகரெட் பெட்டி மட்டையை மடித்து வைத்திருக்கிறான். ஹோஸ் பூட்டுகிற இடத்தில் பழைய செப்பு வாசரையே திரும்பப் போட்டதால் ஒயில் கசிந்து கீழே வழிந்திருக்கிறது. பெட்டிக்குள்ளே சிக்கின காற்றை முழுதாக எடுக்கவும் இல்லை. பார், மச்சான், ஏபிஎஸ் மூளை செத்துப்போனாலும் பிறேக் வெறும் பிறேக்காக வேலை செய்யவேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். என்னை விழுத்தினது மூளை இல்லை, காற்றும் கசிவும். மீற்றருக்குப் பக்கத்தில் அவன் தனியாகப் பூட்டின எச்சரிக்கை லைற் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதற்கு மேலே கறுப்பு ரேப் ஒட்டியிருந்தான்.

அந்த ரேப்பைக் கண்டதும்தான் எனக்குக் கை நடுங்கியது. விழுந்தபோது நடுங்கவில்லை. பின்னேரத்தில் அவன் அதே வண்டியில் தன் சின்னத் தங்கச்சியை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் போகிறவன். ஒரு கிழமை போயிருக்கிறான்.

அவனை நான் அடிக்கவில்லை. ஏசக்கூட வாய் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது முழுக்க என்னுடைய வசனம். என்னுடைய வண்டியில் சொக்கெட் இருந்தது. இடம் விட்டு, வயர் விட்டு, மூடி போட்டு, நீ வரும்வரை இருக்கட்டும் என்று அவர்களே வைத்துவிட்ட சாமான் அது. அவனுடைய வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. அது வேறு வயரிங், வேறு சட்டம், வெளியில் மட்டும் ஒரே பெயின்ற். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், மச்சான். பொடியன்களுக்கு முன்னால் கதை இனிக்கவேண்டும் என்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

உனக்குச் சொல்ல இருக்கிறது இரண்டே இரண்டு. இனிமேல் அவனுக்கு வண்டிக்கென்று காசு அனுப்பாதே. அனுப்புவதென்றால் எனக்கு முதல் சொல், அல்லது நல்ல ஹெல்மெட் வாங்க என்று சொல்லி அனுப்பு, பில்லைக் கேள். மற்றது, அவனிடம் நீ கதை. நான் கதைத்தால் இப்போது தலையைக் குனிந்துகொண்டு ஓம் மாமா, ஓம் மாமா என்கிறான், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னோடு என்றால் எதிர்த்துக் கேட்பான். கேட்கட்டும். ஏபிஎஸ் வேண்டுமென்று அவன் ஆசைப்பட்டதில் பிழை இல்லை, காசு சேர்த்து ஏபிஎஸ் உள்ள வண்டிக்கே மாற்றலாம், யமஹா எஃப்இசட் மூன்றாம் மாடல் நல்லதாக ஒன்று வந்தால் நானும் கொஞ்சம் போடுகிறேன் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அந்தப் பெட்டி இப்போது என் கட்டிலுக்குக் கீழே. விற்கவிடமாட்டேன், இன்னொருத்தன் வாங்கிப் பூட்டுவான்.

உன்னுடைய வண்டிக்கு என்ன முடிவு? காசு கட்டித் திறந்தாயா, அல்லது இன்னும் மானப் பிரச்சினையா? கட்டிவிடு. நான் சிரிக்கமாட்டேன். கொஞ்சமாகத்தான் சிரிப்பேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னது உறுதிதானே? முழங்கால் அதற்குள் மடங்கும் என்கிறார்கள். கொக்கட்டிச்சோலைக்கு ஒரு ஓட்டம் போகலாம், நீ பின்னால் இரு. வாத்தியார் வீட்டில் தயிர்ச் சட்டி காத்திருக்கிறது.

மருமகன் கூப்பிடுகிறான். பழைய ஹோஸைப் பூட்டிவிட்டானாம், புது வாசர்தான் என்று தூக்கிக் காட்டுகிறான். காற்று எடுக்க ஒரு ஆள் லீவரைப் பிடித்து விடவேண்டும். எனக்குக் கால்தானே இல்லை, கை இருக்கிறது. போகிறேன்.

உன்,
நெட்டையன்