தோண்டுவதற்கு முன் காது கொடுங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க் கசிவைத் தேடி ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் பள்ளம் தோண்டினார்கள். மூன்றிலும் குழாய் நன்றாகவே இருந்தது. நீர் ஊறி வரும் இடத்தில்தான் ஓட்டையும் இருக்கும் என்று நினைத்ததே தவறு. கசிந்த நீர் மண்ணுக்குள் சரிவைத் தேடி எங்கெங்கோ போய்த்தான் தலைகாட்டும்.

அழுத்தத்தில் இருக்கும் குழாய் விரிசல் விட்டால் நீர் சீறும். அந்த ஒலி குழாய்ச் சுவர் வழியாக இரு பக்கமும் ஓடுகிறது. இரண்டு வால்வுகளில் ஒலி உணரிகளைப் பொருத்தி, எதில் எத்தனை மில்லி விநாடி முந்தி ஒலி வந்தது என்று கணக்கிட்டால் கசியும் இடம் தெரிந்துவிடும். குழாயின் நீளமும் அது எதனால் ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். (எங்கள் தெருக் குழாய் எந்த வரைபடத்தில் இருக்கிறதோ!) இரும்புக் குழாயில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கிவிடும். அங்கே 5 சதவீத ஹைட்ரஜனும் 95 சதவீத நைட்ரஜனும் கலந்த வாயுவை உள்ளே செலுத்தி, தரைக்கு மேல் கருவியால் மோப்பம் பிடிக்கிறார்கள். தரை ஊடுருவும் ரேடாரும் உண்டு, ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும்.

இதற்கெல்லாம் பணமில்லை என்றால், குழாயில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்கும் இரும்புக் கோலாவது வாங்கலாம். ஆனால் குழாயில் தண்ணீர் ஓடும்போதுதான் கசிவின் ஒலி கேட்கும். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது. தோண்ட வந்தவர்கள் மூன்று முறையும் வந்தது, தண்ணீர் நின்ற பிறகு.