யானையின் கால் எந்தப் புல எண்ணில்?

தளி,
கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள மாதையனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பணி ஓய்வு பெற்ற பிறகும் வரப்புத் தகராறு என்றால் தருமபுரியில் உன்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நில அளவை அறிந்த உன்னிடம் ஒரு செய்தியைச் சொல்லி, ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குவதும், எங்கள் ஆட்கள் பரணில் இரவெல்லாம் கண்விழிப்பதும் உனக்குத் தெரியும். சென்ற பருவத்தில் சிலர் சேர்ந்து பணம் போட்டு, காட்டை ஒட்டிய மேட்டில் 6 மீட்டர் உயரக் கம்பத்தில், இருட்டிலும் உடற்சூட்டைக் காட்டும் கேமரா ஒன்றைப் பொருத்தினோம். யானை வந்தால் திரையில் தெரிகிறது. ஆனால் அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பரணுக்குச் சொல்வது, எந்தப் பாதையில் ஆள் போகாமல் தடுப்பது என்று முடிவுசெய்ய முடியும். எனவே ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் சர்வே எண்ணையும் காட்டும் புலப்படங்களைக் கணினியில் ஏற்றி, கேமராப் படத்தில் தெரியும் நான்கு எல்லைக்கற்களை வரைபடத்தில் உள்ள அதே கற்களோடு இணைத்தோம். தரை சமமாக இருந்து கேமராவும் அசையாமல் இருந்தால் நான்கு புள்ளிகளே போதும். படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் புல எண்ணும் உட்பிரிவும் வந்துவிடும்.

இதில் நான் மிகவும் கவனித்தது யானையின் காலைத்தான். உருவத்தைக் கண்டதும் கணினி அதைச் சுற்றி ஒரு கட்டம் போடுகிறது. அந்தக் கட்டத்தின் மேல் விளிம்பை இடமாக எடுத்துக்கொண்டால், கம்பத்திலிருந்து 60 மீட்டரில் நிற்கும் 3 மீட்டர் உயர யானை வரைபடத்தில் 120 மீட்டரில் விழும். கேமராவிலிருந்து முதுகைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோடு அங்கேதான் தரையைச் சேர்கிறது. இடையில் இரண்டு மூன்று பட்டாக்களாவது இருக்கும். கீழ் விளிம்பை எடுத்தாலும் முழுதாகச் சரியாவதில்லை, ஏனெனில் ஒரு மீட்டர் வளர்ந்த பயிர் காலை மறைத்துவிடுகிறது. அதனால் மட்டும் 12 மீட்டர் தள்ளிப்போகிறது. பயிரின் உயரத்தைக் கணக்கில் சேர்த்துக் கழித்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எங்கள் நிலமோ மேடும் பள்ளமுமானது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஓர் அளவுதான் உண்டு என்பதால், வரப்பளவில் அதை நம்ப இயலாது.

உன் உதவி இங்கேதான் தேவை. கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகுகிறது. அந்தப் பிசகைத் திருத்தித் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியுடன் நீ வந்து, கேமராவுக்குத் தெரியும் எல்லைக்கற்கள், கிணற்று மூலைகள், மேட்டு வரப்புகள் ஆகியவற்றின் இடத்தையும் உயரத்தையும் அளந்து தந்தால், அவற்றுள் சிலவற்றைப் பொருத்துவதற்கும் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கும் வைத்துக்கொள்வோம். 1792க்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் புலம் புலமாக அளந்து தீர்வை விதித்த பாரமகால் உங்கள் ஊர்ப்பக்கம். அந்த வழியில் வந்த எண்களைப் பிழையாக உச்சரிக்கும் கருவி எங்களுக்கு வேண்டாம். பயிர்ச்சேதத்திற்கு மனு கொடுக்கும்போது அந்தப் பதிவை ஒருவர் காட்டினால், அது பக்கத்து நிலத்துக்காரரைப் பொய்யராக்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கேமரா யானையை மட்டும் பார்ப்பதில்லை. ஓடைக்குப் போகும் ஒற்றையடிப்பாதையும், இரண்டு வீடுகளின் பின்கட்டும், இதற்குச் சம்மதம் தராத ஒரு குடும்பத்தின் தோட்டமும் அதன் பார்வையில் படுகின்றன. புல எண்ணைக் காட்டும் அதே வரைபடத்தைக் கொண்டே, இவ்விடங்களின் எல்லைக்குள் விழும் காட்சியைப் பதிவாகும் முன்பே மறைத்துவிடலாம். இதைச் செய்யாமல் கேமராவை மீண்டும் இயக்கக் கூடாது என்று கூட்டத்தில் நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். பெண்கள் அனைவரும் அதை ஆதரித்தார்கள். மறைக்கும் எல்லை துல்லியமாக இருக்கவும் உன் அளவுதான் வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் வர இயலுமா? கதிர் வந்துவிட்டால் பாதிக் கற்கள் பயிருக்குள் மறைந்துவிடும். தேதியை முன்கூட்டியே எழுதினால் கற்களைச் சுற்றிப் புதரை வெட்டி, சுண்ணாம்பு பூசி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
நஞ்சப்பன்