வானொலியில் வானிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிப் பணிக்குத் தயாராகும் டெல்டா மாவட்ட மாணவர்களுக்கு இங்குள்ள பயிற்சி மையம் ஒன்று நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தையே உருப்போட வைக்கிறது. சர்வதேச விமானச் சேவைக்குத் தேவையான ஆங்கில மொழித் தகுதி (ஆறு நிலைகளில் 4ஆம் நிலை) அதனால் மட்டும் கைகூடாது.

விமான வானொலித் தொடர்பில் வாடைக்காற்றை ‘ஜீரோ டூ ஜீரோ டிகிரீஸ், ஒன் டூ நாட்ஸ்’ (திசை 20 டிகிரி, வேகம் 12 நாட்) என இலக்கம் இலக்கமாகச் சொல்லவும், ஐப்பசி மேகமூட்டத்தை வானத்தின் எட்டுப் பங்கில் ஐந்து முதல் ஏழு வரை மூடியிருந்தால் ‘புரோக்கன்’, முழுதும் மூடினால் ‘ஓவர்காஸ்ட்’ என்று மேகத்தின் அடித்தள உயரத்துடன் அறிவிக்கவும் பழக வேண்டும். மார்கழி மூடுபனியில் பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கும்போது, உச்சரிப்பு நயத்தை (அதற்குத்தான் தனிக் கட்டணம்!) யாரும் கேட்கப்போவதில்லை. திருச்சி விமான நிலையத்தின் வானிலை அறிக்கைகளையே பாடமாக வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மாணவரின் தந்தை,
கும்பகோணம்.