பிள்ளைங்க கேக்குறதுக்கும் கோயில்ல ஒரு நேரம் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்துல கடற்கரையில ஒரு கத்தோலிக்க கோயில் பங்குல பதினோரு வருஷமா பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, அதாவது ஞாயிறு வேதபாட வகுப்பு, எடுக்கிறேன். எங்க ஊர் கொடியேற்றம், தேர் பவனி எல்லாம் உங்க பேப்பர்ல வருது, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த ஃபோட்டோவுல கொடிமரத்தை சுத்தி நிக்கிற பையனுங்கள்ல பாதிப்பேரை அடுத்த ஞாயிறு பூசையில காணோம், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குற வரைக்கும் எல்லாரும் வருவாங்க. அதுக்கு அடுத்த சடங்கான உறுதிப்பூசுதல் வரைக்கும் எப்படியோ இழுத்துப் பிடிச்சிருவோம், ஆயர் (பிஷப்) வந்து நெத்தியில தைலம் பூசி, வீட்ல பிரியாணி சாப்ட்டு ஃபோட்டோ எடுத்தா அதோட சரி, ஸ்கூல் முடிச்சு டிசி வாங்கின மாதிரி போயிடுறாங்க. "பத்தாங்கிளாஸ் டியூஷன் இருக்கு டீச்சர்"னு அம்மாமாரே வந்து சொல்றாங்க. பிள்ளைங்களை திட்டி என்ன ஆகப்போகுது, நாம அவங்களை கூப்பிடுறதே சேர் தூக்க, சீரியல் லைட் கட்ட, சமபந்தியில பரிமாறத்தான். மிச்சத்துக்கு விவிலிய வினாடி வினா, அதுலயும் கேள்வி நம்மளோடது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வகுப்புல ஒரு பையன் எந்திரிச்சான். 2017 ஒக்கி புயல்ல அவன் அப்பா கடல்ல போனவரு, உடம்பு கூட கிடைக்கல, அப்ப அவனுக்கு ஏழு வயசு. "எல்லாரும் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போறாங்க, எங்கப்பாவுக்கு கல்லறையே இல்ல, நான் எங்க கொளுத்த டீச்சர்? அன்னைக்கு ஆண்டவர் எங்க இருந்தாரு?"ன்னான். அப்படியெல்லாம் கேக்கக்கூடாதுப்பான்னு உக்கார வச்சுட்டேன். மூணு வாரம் அவன் வரல. அப்புறம் நானே தேடிப்போனேன், கரையில வலை பக்கத்துல உக்காந்திருந்தான், ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்தேன், இருட்டுற நேரத்துல ரெண்டு பேருமா மணல்ல மெழுகுவத்தி ஏத்தினோம், காத்துல அணைய அணைய கையால மறைச்சுக்கிட்டே இருந்தான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு, இந்துவா பிறந்து கிறிஸ்தவரா மாறின நம்ம மாவட்டத்து தேவசகாயம் ஞாபகம்தான். 2022 மே 15ல புனிதர் பட்டம் குடுத்தாங்க, கோட்டாறுல அவர் கல்லறைக்கு பஸ் பிடிச்சு போறோம், ஆனா அவர் எப்படி விசுவாசத்துக்கு வந்தாருன்னு பிள்ளைங்களுக்கு ஒழுங்கா சொல்றோமா? ஆடு மாடு, பயிர் எல்லாம் நஷ்டமாகி மனசு ஒடிஞ்சு இருந்த மனுஷன்கிட்ட, எல்லாத்தையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபு கதையை சொன்னது டிலனாய், சாமியார் கூட கிடையாது, 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. பாடு என்னன்னு கேட்டு கூட உக்கார ஒரு ஆள் இருந்தாரு. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம்.

இளையோருக்காக 2018 அக்டோபர்ல ரோம்ல நடந்த ஆயர் மாமன்றமும் இளையோர் சொல்றதை காது குடுத்து கேளுங்கன்னுதான் சொல்லுச்சு. மாசத்துல ஒரு ஞாயிறு புத்தகம் இல்லாம, போட்டி இல்லாம, பிள்ளைங்க கேள்வியை மட்டும் கேக்க பங்குத்தந்தைமாரும் வந்து உக்காரணும். டியூஷன் நடத்துறவங்க ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம் விட்டுக்குடுங்க, கெஞ்சி கேக்குறேன்.

எங்க பங்குல ஆரம்பிச்சாச்சு. முதல் நாள் வந்தது ஆறு பேர், அந்தப் பையனும் வந்தான், கடைசி பெஞ்சுல. மொத்தம் இருபத்து மூணு கேள்வி. பாதிக்கு எனக்கு பதில் தெரியல, எல்லாத்தையும் நோட்ல எழுதி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி டீச்சர்,
கன்னியாகுமரி மாவட்டம்.