உப்பு கூட வந்தால்தான் சர்க்கரை உள்ளே போகும்

அன்புள்ள சுந்தருக்கு,

உன் கடிதம் வந்தது. பேரன் தேறிவிட்டான் என்ற வரியைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

வயிற்றால் போகிற பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் சரி, அதில் சர்க்கரை எதற்கு, தெம்புக்கா என்று கேட்டிருந்தாய். தெம்புக்காக இல்லை சுந்தர். உப்பையும் தண்ணீரையும் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோகவே அந்தச் சர்க்கரை.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தை எச்சிலிலும் கணையநீரிலும் இருக்கும் அமைலேஸ் துண்டு துண்டாக்கும். கடைசி வெட்டு சிறுகுடலின் சுவரிலேயே விழுகிறது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் என்று ஒற்றைச் சர்க்கரையாகப் பிரிந்தால்தான் உள்ளே போக முடியும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு தருவது அதற்கு அப்புறம் நடப்பது.

குடல் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, குளுக்கோஸோ தண்ணீரில் கரைவது. தானாக அந்தச் சவ்வைத் தாண்ட அதனால் முடியாது. அங்கே எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. துணைக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தால் மட்டும் திறக்கும் கதவு அது. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் இரண்டு வந்து ஒட்ட வேண்டும், அப்போதுதான் ஒரு குளுக்கோஸை வாங்கி உள்ளே விடும். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு என்பதால் வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயப் பார்க்கிறது. அந்த வேகத்தில் குளுக்கோஸும் போய்விடுகிறது, உள்ளே ஏற்கெனவே குளுக்கோஸ் அதிகமாக இருந்தாலும்கூட. சோடியத்தைக் குறைவாகவே வைத்திருக்க செல்லின் மறுபக்கத்தில் இன்னொரு புரதம் ஓயாமல் உழைக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. சக்தி செலவாவது அங்கேதான். உள்ளே வந்த குளுக்கோஸ் அதே மறுபக்கத்தில் வேறொரு புரதம் வழியாக வெளியேறி, நுண்ணிய ரத்தக்குழாயில் சேர்ந்து, போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ஃபிரக்டோஸுக்கு மட்டும் தனி வழி, அதற்குச் சோடியம் வேண்டாம்.

சோடியமும் குளுக்கோஸும் போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் குடல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி கெடுவதில்லை. அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீரால் முடியாததைச் சர்க்கரை சேர்ந்த கரைசல் செய்கிறது.

சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகப் போகின்றன என்று ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் சொன்னார். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து, நோயாளியின் கூட இருந்தவர்களையே வாய்வழி கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும்.

அளவுதான் முக்கியம். 2002-இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75. இனிப்பு போதவில்லை என்று உன் மனைவி இன்னொரு கரண்டி சர்க்கரை போடப் போனதை நீ தடுத்தது மிகவும் நல்லது. உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை, தண்ணீரைக் குடலுக்குள் திரும்ப இழுத்து, போக்கை அதிகமாக்கிவிடும்.

அப்புறம், தம்பி டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாய். எஸ்ஜிஎல்டி1-க்கு சிறுநீரகத்தில் ஒரு உடன்பிறப்பு உண்டு, எஸ்ஜிஎல்டி2. வடிகட்டிய சர்க்கரையில் பெரும்பகுதியை ரத்தத்துக்குத் திருப்பி எடுப்பது அதுதான். அந்த மாத்திரை அதைத் தடுக்கிறது. அதனால் சிறுநீர் பரிசோதனையில் சர்க்கரை தெரிவது எதிர்பார்க்க வேண்டியதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாமல் போனால், மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று உடனே டாக்டரைக் கேட்கச் சொல். இதை மறக்காமல் அவனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
ராகவன்