காதுகுத்துக்கு முன் ஒரு காய்ச்சல் கடிதம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
19-3-2023, ஞாயிறு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை பிற்பகல் கைக்கு வந்தது. அன்று காலையிலிருந்துதான் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளிலும் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் காய்ச்சல் பரவுவதால் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கியிருந்தது. 26ஆம் தேதி வரை அது நீடிக்கும். நீ கடிதத்தைத் தபாலில் சேர்த்தபோது இந்த அறிவிப்பு வந்திருக்காது. இப்போது தொலைக்காட்சியில் அதையும் பார்த்துவிட்டு முன்னிலும் இரண்டு மடங்கு கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய் என்பதால், தாமதிக்காமல் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

முதலில் வீட்டுச் செய்தி. பேத்திக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரி பார்க்க அவளை வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். இரண்டு நாள் கழித்து இரவில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மருமகள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கிருமி உடலுக்குள் நுழைந்த ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படும் என்பதால் அந்தப் பார்வையில் நியாயம் இருந்தது. அதே வாரத்தில் குழந்தையின் வகுப்பிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மருமகளிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாள் காய்ச்சல் அடித்தது, உடல் எடைக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் கொடுத்தோம், கஞ்சியும் இளநீரும் கொடுத்தோம், நான்காம் நாள் காலையில் அவளாகவே இட்லி கேட்டாள். இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. காய்ச்சல் மூன்று நாளில் தணிந்தாலும் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் இம்மாதத் தொடக்கத்தில் வெளியிட்ட குறிப்பிலேயே இருந்தது. அதைப் படித்திருந்ததால் நாங்கள் இரவில் ஓரளவு தூங்கினோம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். எச்3என்2 வந்தால் நூறு பேரில் பத்துப் பேருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும், ஏழு பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று உன் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாகவும், அதனால் பேரனின் காதுகுத்தைத் தள்ளிவைக்க நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பத்தும் ஏழும் யாரோ கட்டிவிட்ட எண்கள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வெளியிட்ட கணக்கிலேயே அவை இருக்கின்றன. ஆனால் அது யாரைப் பற்றிய கணக்கு? கடுமையான மூச்சுக் கோளாறோடு ஏற்கெனவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, எச்3என்2 என்று உறுதியானவர்களைப் பற்றிய கணக்கு. அந்த ஒரு வரியைத்தான் உன் குழுவில் அனுப்பியவர் விட்டுவிட்டார். எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்து, அவர்களில் பாதிப் பேர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள் என்று ஒருவர் சொன்னால், பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் முறியும் என்று நீ பொருள் கொள்வாயா? முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நீ. உன் மாணவன் இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பாய்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பிழையும் இருக்கிறது. புதுச்சேரியில் 79 பேருக்குத்தான் எச்3என்2 என்று மார்ச் முதல் வாரக் கணக்கு சொன்னபோது, எங்கள் தெருவில் சிலர் 'இவ்வளவுதானா' என்று அலட்சியமாகச் சிரித்தார்கள். அந்த 79 என்பது பரிசோதனை செய்து உறுதியானவர்களின் எண்ணிக்கை. காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை அல்ல. எங்கள் வீட்டுக் குழந்தைக்கு யாரும் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதிக்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆகவே அவள் அந்தக் கணக்கில் இல்லை. இந்தியா முழுவதற்கும் ஜனவரி 2 முதல் மார்ச் 5 வரை 451 பேர் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னதும் இத்தகைய கணக்குதான். உண்மையில் காய்ச்சல் இந்த எண்களைவிடப் பன்மடங்கு பரவியிருக்கிறது. அப்படிப் பரவியிருப்பதாலேயே, வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் பேத்தியைப் போல நான்காம் நாள் இட்லி கேட்டு எழுந்துவிட்டார்கள் என்றும் தெரிகிறது. கர்நாடகத்தில் ஒருவரும் ஹரியானாவில் ஒருவரும் இறந்ததை இம்மாதம் 10ஆம் தேதி அமைச்சகம் உறுதிசெய்தது. அதை நான் சிறிதாக்கவில்லை. மாத இறுதியிலிருந்து பரவல் குறையும் என்று எதிர்பார்ப்பதாகவும் அன்றே சொன்னார்கள். உன் குழுவில் அந்த வாக்கியம் வந்ததா?

'புதுக் கிருமி' என்று நீ எழுதியதையும் திருத்திவிடுகிறேன். இந்த வகை மனிதர்களிடையே பரவத் தொடங்கியது 1968இல், ஹாங்காங் காய்ச்சல் என்ற பெயரில். நாம் இருவரும் அப்போது எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக உருமாறிக்கொண்டு நம்மோடேதான் இருந்து வருகிறது. நாம் 'ஃப்ளூ' என்றும் 'விஷக் காய்ச்சல்' என்றும் படுத்து எழுந்த சில காய்ச்சல்கள் அதுவாகவே இருந்திருக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் வேடம் மாற்றி வருவதால்தான் ஒருமுறை வந்தவருக்கே மறுபடியும் வருகிறது, தடுப்பூசியையும் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 30ஆம் தேதி உனக்கு நினைவிருக்கும். சுனாமி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. உன்னைப் பார்க்க நான் கடலூர் வந்திருந்தேன். தேவனாம்பட்டினத்தில் நாம் நின்றுகொண்டிருந்தபோது மறுபடியும் அலை வருகிறது என்று யாரோ கத்த, கூட்டம் மஞ்சக்குப்பம் பக்கம் ஓட, நாமும் ஓடினோம். உன் செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை. அலை எதுவும் வரவில்லை. அன்று ஓடியது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். கடல் நான்கு நாள் முன்பு செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நின்று யோசிக்க முடியாது, நின்றிருக்கவும் கூடாது. ஆனால் சுனாமிக்குச் சில நிமிட அவகாசம்தான் உண்டு, காய்ச்சல் அப்படிப்பட்டதல்ல. ஒரு செய்தி வந்தால் அதை இரவு வைத்திருந்து காலையில் விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு இதில் நேரம் இருக்கிறது. சுனாமிக்கு ஓடிய கால்களால் காய்ச்சலுக்கும் ஓடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நான் இப்போது காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மட்டும் செய்தி கேட்கிறேன். இடையில் வருகிறவற்றைத் திறப்பதில்லை. அதனால் இதுவரை நான் இழந்தது ஒன்றும் இல்லை.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு ஆண்டு நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் மக்கள் முதலில் தேடுவது மாத்திரையைத்தான். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, காய்ச்சலே இல்லாதவர்கள் வந்து ஓசல்டாமிவிர் ஒரு அட்டை வீட்டில் வைத்துக்கொள்ளக் கிடைக்குமா என்று கேட்டார்கள். (அந்தப் பன்றிக் காய்ச்சலின் எச்1என்1 கிருமி இன்று நம் ஊர்ப் பருவக் காய்ச்சல்களில் ஒன்றாகிவிட்டது, யாரும் அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை.) சென்ற வாரம் இங்கே ஒரு மருந்துக் கடையில் நான் நின்ற கால்மணி நேரத்தில் நான்கு பேர் மருத்துவர் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் கேட்டார்கள், நால்வருக்கும் கிடைத்தது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, உடம்பு தானாகத் தேறியதும் மாத்திரையால் தேறியதாக நினைத்துப் பாதியில் நிறுத்துவார்கள். பின்னொரு நாள் உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதைத்தான் இந்திய மருத்துவச் சங்கமும் அந்தக் குறிப்பில் எச்சரித்தது. ஓசல்டாமிவிர் வைரஸுக்கான மருந்துதான். யாருக்கு வேண்டும் என்று மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும், காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். உன் மனைவி, என் தங்கச்சி வைக்கும் தூதுவளை ரசத்தை நான் குறை சொல்லவில்லை. தொண்டைக்கு அது இதம்தான், எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பலாம்.

தங்கச்சிக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் வேறு மாதிரி. உனக்கும் எனக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. நம்மையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள். நம்மில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மூன்று நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் முதல் நாளே மருத்துவரிடம் போய்விட வேண்டும். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், விட்ட காய்ச்சல் இருமலோடு திரும்பி வருதல் ஆகியவற்றில் எது கண்டாலும் நள்ளிரவானாலும் 108ஐக் கூப்பிடு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் அளவிடும் கருவி உன் பீரோவில் கிடக்கும். பேட்டரி மாற்றி எடுத்து வை, 94க்குக் கீழே காட்டினால் காத்திருக்காதே. சளியும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், நம் பக்கத்துக் கொசுவை நினைத்து டெங்குவுக்கும் ரத்தம் சோதித்துவிட வேண்டும். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடக் கூடாது. உங்கள் பக்கம் 10ஆம் தேதி தமிழகம் முழுவதும் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்களே, உங்கள் வார்டில் நடந்ததா என்று எழுது.

காதுகுத்தைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சித்திரை முதல் வாரத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. தடுப்பூசி போட்டு அது உடலில் வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால், தங்கச்சிக்கும் உனக்கும் போடலாமா என்று இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேள். பேரனுக்குப் பதினொரு மாதம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம் என்றாலும் முதன்முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டியிருக்கும், அதனால் நாள் கடத்தாமல் விசாரி. ஏசி மண்டபம் பேசியிருப்பதாக எழுதியிருந்தாய். முன்பணம் திரும்பக் கிடைக்குமானால் அதை விட்டுவிட்டுத் திருப்பாப்புலியூர்க் கோயிலிலேயே காது குத்திவிட்டு, வீட்டு மாடியில் பந்தல் போட்டுப் பந்தி வைக்கலாம். கிடைக்காவிட்டால் ஏசியை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல். அழைப்பிதழ் கொடுக்கும்போதே, இருமல் சளி இருப்பவர்கள் வர வேண்டாம், மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடலாம் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடு. நீ சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சுவதை மட்டும் தங்கச்சி தடுக்க வேண்டும். மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமனுக்கே அந்த வாரம் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று உன் மருமகள் வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வை. சம்பிரதாயத்துக்கு இன்னொரு மாமன் இருப்பான்.

தோட்டை நேரு வீதியில் வாங்கி வைத்துவிட்டேன், சின்ன மாங்காய் வடிவம். பேத்தியின் இருமல் அதற்குள் நின்றால் அவளோடு வருகிறேன், நிற்காவிட்டால் நான் மட்டும் வருவேன். எனக்கும் தொற்றிக்கொண்டால் முதல் நாள் பையன் கையில் தோடு மட்டும் வரும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்